18 வயதில் நின்றுபோகும் ஊசி

மாண்புமிகு மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சர் அவர்களுக்கு,

பள்ளி வயதில் வந்த தொண்டை வலிக்கு முப்பது வயதில் நெஞ்சைத் திறந்து அறுவை சிகிச்சை செய்துகொள்பவர்கள் நம் மாநிலத்தில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்காக ஒரு செவிலியர் எழுதும் மடல் இது.

ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் வரும் தொண்டைப் புண்ணைக் கவனிக்காமல் விட்டால், சில பிள்ளைகளுக்கு இரண்டு மூன்று வாரத்தில் ருமாட்டிக் காய்ச்சல் வருகிறது. 5 முதல் 15 வயதுக்குள்தான் இது அதிகம். இன்று முழங்கால், நாளை கணுக்கால் என்று வீக்கம் இடம் மாறும். ஓடியாடியதால் வந்த வலி என்று வீட்டில் தைலம் தேய்ப்பார்கள். மூட்டு சரியாகிவிடும்; இதய வால்வில் விழுந்த தழும்பு தங்கிவிடும். காய்ச்சல் திரும்ப வரும்போதெல்லாம் அந்தத் தழும்பு தடிக்கும்.

திரும்ப வராமல் தடுக்க மருந்து இருக்கிறது: பென்சத்தீன் பெனிசிலின், 21 நாளுக்கு ஒரு ஊசி. இதயம் பாதிக்கப்பட்ட பிள்ளைக்குக் குறைந்தது 10 ஆண்டுகள் போட வேண்டும். வால்வுச் சேதம் நிலைத்துவிட்டால் 40 வயதுவரைகூட. பொடியில் தண்ணீர் விட்டுக் குலுக்கினால் மருந்து கெட்டியாக நிற்கும், ஊசி முனையை அடைக்கும். மெல்ல ஏற்ற வேண்டும், நன்றாக வலிக்கும். பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டு, காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்து பள்ளிக்குத் திரும்பும் பிள்ளைகள் அவர்கள்.

2013 முதல் நடக்கும் தேசிய சிறார் நலத் திட்டத்தில் நடமாடும் குழுக்கள் பள்ளிக்கே வந்து இந்த நோயையும் தேடுகின்றன. அந்தத் திட்டம் 18 வயதோடு முடிகிறது. ஊசி அதோடு முடிவதில்லை. பிளஸ் டூ முடித்த பையன் திருப்பூருக்கு வேலைக்குப் போகிறான்; பெண் கல்யாணமாகி வேறு மாவட்டம் போகிறாள். அங்கே சீட்டை நீட்டினால், "இதுக்கு அலர்ஜி வரும், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்ற பதில். ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலி போகும். விட்டுவிடுகிறார்கள்.

அப்புறம் அந்தப் பெண்ணை நாங்கள் பார்ப்பது பிரசவ வார்டில்: ஏழாம் மாதம், படுக்க முடியாத மூச்சுத் திணறல். கர்ப்பத்தில் கூடும் இரத்தத்தைச் சுருங்கிய மைட்ரல் வால்வால் சமாளிக்க முடிவதில்லை. வால்வு மாற்ற முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் கைகொடுக்கிறது, அதற்கு நன்றி. ஆனால் உலோக வால்வு வைத்தவர் இரத்தம் உறையாதிருக்க ஆயுள் முழுக்க மாத்திரை சாப்பிட வேண்டும். அந்த மாத்திரையே கருவில் இருக்கும் பிள்ளைக்கு ஆபத்தாகலாம்.

எனவே மூன்று கோரிக்கைகள். எல்லா ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இந்த ஊசி கிடைக்க வேண்டும். ஒவ்வாமை வந்தால் சமாளிக்க அட்ரினலினும் பயிற்சியும் கூடவே வேண்டும். மாவட்டம் மாறினாலும் ஆளைத் தொடரும் ஒரே பதிவேடு வேண்டும். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் வீட்டுக் கதவைத் தட்டுபவர்கள், ஊசி தவறிய இளைஞர்களின் கதவையும் தட்ட வேண்டும்.

இந்த நோயைத் தடுக்க எல்லா நாடுகளும் முனைய வேண்டும் என்று 2018இலேயே உலக சுகாதாரப் பேரவை தீர்மானம் போட்டுவிட்டது. நம்மிடம் மருந்தும் இருக்கிறது, ஆட்களும் இருக்கிறார்கள். வரும் மானியக் கோரிக்கையின்போது உங்கள் துறை அறிவிப்புகளில் இதையும் சேர்த்து, போதிய நிதியும் ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
அரசு மருத்துவமனைச் செவிலியர் ஒருவர்