வலம்புரி மாத்திரை, இடம்புரி மாத்திரை

என் கடைக்குட்டிக்குச் செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொள்வதே வழக்கம். "ரெண்டும் ஒண்ணுதானேம்மா!" என்பான். போன மாதம் நானும் அதே தப்பைச் செய்தேன். செருப்பில் அல்ல, மாத்திரையில்!

என் மாமியாருக்கு ஓயாத தும்மல். வழக்கமாகச் செட்ரிசின் 10 மில்லிகிராம் மாத்திரை சாப்பிடுவார். இந்தத் தடவை டாக்டர் லெவோசெட்ரிசின் 5 மில்லிகிராம் எழுதிக் கொடுத்தார். 'பத்துக்குப் பழகின உடம்பு, அஞ்சுக்கு எப்படிக் கேட்கும்?' என்று நானாகவே இரண்டாகக் கொடுத்துவிட்டேன். மறுநாள் பகலெல்லாம் ஒரே தூக்கம். எழுந்தவர் தள்ளாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டபோது எனக்குக் குலை நடுங்கிவிட்டது. விழுந்திருந்தால்?

"அந்த அஞ்சுதாம்மா இந்தப் பத்து!" என்றார் டாக்டர்.

விஷயம் இதுதான், சகோதரிகளே. சங்கில் வலம்புரி, இடம்புரி என்று உண்டல்லவா? மருந்தின் மூலக்கூறுகளிலும் அப்படி உண்டு. கண்ணாடியில் தெரியும் பிம்பம் மாதிரி, அச்சாக ஒன்றுபோல் இருக்கும். ஆனால் ஒன்றின் மேல் ஒன்று பொருந்தாது. செட்ரிசினில் இரண்டும் பாதிப் பாதி. வேலை செய்யும் பாதியை மட்டும் பிரித்தெடுத்ததே லெவோசெட்ரிசின்.

நம் மூக்குக்கும் இந்த வித்தியாசம் தெரியும். புதினாவின் வாசனையும் சதகுப்பையின் வாசனையும் கார்வோன் என்ற ஒரே பொருளின் இரண்டு 'கை'கள்தான்!

நம் உடம்பே முறுக்கினால் ஆனது. அதைக் கண்டு சொன்னவர்கள் நம் கிண்டிக்காரர்கள்! சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் பேராசிரியர் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954, 55-ல் தோலுக்கும் எலும்புக்கும் பலம் தரும் கொலாஜன் என்ற புரதத்தின் அமைப்பை விளக்கினார்கள். மூன்று இழைகள், ஒவ்வொன்றும் இடப்பக்கம் முறுக்கு, மூன்றும் சேர்ந்து வலப்பக்கம் முறுக்கு. கயிறு திரிப்பது போலத்தான்!

சரி, இரண்டையும் எப்படிப் பிரிப்பது? 1848-ல் லூயி பாஸ்டர், டார்டாரிக் அமில உப்பின் படிகங்களை இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பொறுக்கி, அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி பிரித்தார். நம் புளியின் புளிப்பும் டார்டாரிக் அமிலம்தான். இப்போது ஒளியையே இடுக்கியாக்கிவிட்டார்கள். ஒளியால் நுண்துகளைப் பிடித்து நிறுத்திக் காட்டிய ஆர்தர் ஆஷ்கினுக்கு 2018-ல், 96-ஆம் வயதில், நோபல் பரிசு கிடைத்தது. 2014-ல் பிரான்ஸில், முறுக்கிய லேசர் ஒளியைப் பாய்ச்சி, இடம்புரித் துளிகளை ஒரு பக்கமும் வலம்புரித் துளிகளை மறு பக்கமும் ஒதுக்கிக் காட்டினார்கள். மருந்தின் மூலக்கூறோ அந்தத் துளியைவிட ஆயிரக்கணக்கான மடங்கு சிறியது. அதைத் தள்ள ஒளியின் விசை போதாது என்பதால், மருந்துத் தொழிலில் ரசாயன முறைகள்தான் கைகொடுக்கின்றன.

நமக்கு வேண்டியது இவ்வளவுதான். மாத்திரை அட்டையில் பெயரையும் படியுங்கள், எண்ணையும் படியுங்கள். பெயருக்கு முன்னால் 'லெவோ', 'எஸ்', 'டெக்ஸ்' என்று ஒட்டியிருந்தால் அது வேறு கணக்கு. பழைய அளவை நினைத்துக்கொண்டு கூட்டவோ குறைக்கவோ வேண்டாம், டாக்டரைக் கேளுங்கள்.

கடைக்குட்டி இன்றைக்கும் செருப்பை மாற்றித்தான் போட்டுக்கொண்டு போனான். இப்போதெல்லாம் அவனைத் திட்ட எனக்கு வாய் வருவதில்லை!