வார்டை விட்டு விலகும் செவிலியப் படிப்பு

முதுகலைச் செவிலிய மாணவிகளின் ஆய்வேடுகளைத் திருத்த உட்காரும்போதெல்லாம் மனம் கனத்துப்போகிறது. தலைப்பு ரத்தசோகையாக இருக்கலாம், தாய்ப்பாலாக இருக்கலாம். உள்ளே நடப்பது ஒன்றுதான். அறுபது பேரிடம் ஒரு கேள்வித்தாள். பிறகு ஒரு மணி நேரம் வகுப்பு. ஒரு வாரம் கழித்து அதே கேள்வித்தாள். பாடம் நடத்தினால் மதிப்பெண் கூடத்தான் செய்யும். அந்தத் தாயின் வலி குறைந்ததா, குழந்தை வயிறாரக் குடித்ததா என்ற பேச்சு கடைசிப் பக்கம்வரை வருவதில்லை.

இங்கிலாந்தின் ரெடிங் நகரில் ஜெனிஃபர் ஸ்லீப் என்ற மிட்வைஃப் (பேறுகாலச் செவிலியர்) வேறு விதமாகக் கேட்டார். பிரசவத்தின்போது பிறப்புவாயில் கத்தரி வைத்து அகலப்படுத்தும் எபிசியாட்டமி அன்று சர்வசாதாரணம். தானாகக் கிழிவதைவிட வெட்டித் தைப்பது மேல் என்று எல்லோரும் நம்பினார்கள். ஸ்லீப் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்களோடு சேர்ந்து 1,000 பெண்களைக் குலுக்கல் முறையில் இரண்டு பிரிவாக்கினார். ஒரு பிரிவில் குழந்தைக்கு ஆபத்து என்றால் மட்டும் வெட்டு. மற்றதில் கிழிசலைத் தடுக்கத் தாராளமாக வெட்டு. முதல் பிரிவில் 10 சதவீதம் பேருக்கும் அடுத்ததில் 51 சதவீதம் பேருக்கும் வெட்டு விழுந்தது. பத்தாம் நாள் வலியிலும் மூன்றாம் மாத வலியிலும் பெரிய வித்தியாசம் இல்லை. தாராளமாக வெட்டுவதற்கு இந்த ஆய்வில் பெரிய ஆதாரம் கிடைக்கவில்லை. 1984இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இது வெளியானது. எபிசியாட்டமியை வழக்கமாகச் செய்ய வேண்டாம் என்று 2018இல் உலக சுகாதார நிறுவனமும் பரிந்துரைத்தது.

வெட்டு தேவையா என்பது போன்ற கேள்வி எழ வேண்டிய இடம் பிரசவ வார்டுதான். மறுநாள் காலை அங்கே போய்ப் பாருங்கள். தையல் போட்ட பெண் நேராக உட்கார முடியாமல், ஒரு பக்கத் தொடையில் மட்டும் பாரத்தை ஊன்றி, சாய்ந்தபடி குழந்தைக்குப் பால் கொடுப்பார். சிறுநீர் போனால் எரியும் என்று பயந்து தண்ணீர் குடிக்கமாட்டார். ராத்திரி டூட்டி சிஸ்டருக்கு இது தெரியும். ஆனால் அவருக்கு உட்கார்ந்து யோசிக்க நேரமில்லை, அவரிடம் கேட்பாரும் இல்லை. எம்.எஸ்சி. முடித்த கையோடு கல்லூரியில் ஆசிரியராகிவிடுபவருக்கு நேரமும் நூலகமும் உண்டு, வார்டு இல்லை. நம் செவிலியக் கல்வியின் பெரிய விரிசல் இதுதான் என்பேன்.

இப்படித்தான் இருக்க வேண்டும் என்று விதி இல்லை. 1946இல் டெல்லியைப் போலவே இந்தியாவின் முதல் பி.எஸ்சி. நர்சிங் படிப்புகளில் ஒன்றைத் தொடங்கிய வேலூர் சி.எம்.சி.யில், பாடம் நடத்துபவர்களே வார்டுப் பொறுப்பையும் பார்க்கும் வழக்கம் உண்டு. வார்டிலிருந்து வருபவர் பெரிய ஆய்வையும் நடத்தலாம்: லண்டன் கிங்ஸ் கல்லூரிப் பேராசிரியர் ஜேன் சாண்டல் அடிப்படையில் மிட்வைஃப். கர்ப்பம் முதல் பிரசவம்வரை தெரிந்த மிட்வைஃப்களே தொடர்ந்து கவனித்தால் குறைப்பிரசவம் குறைகிறது என்று, 15 ஆய்வுகளில் இடம்பெற்ற 17,674 பெண்களின் விவரங்களை வைத்து 2016இல் அவர் குழு காட்டியது.

மிட்வைஃப்களுக்கு 18 மாதப் பயிற்சி தரும் வழிகாட்டுதலை மத்திய அரசு 2018இல் வெளியிட்டது. 2023இல் செவிலியத்துக்குப் புதிய ஆணையச் சட்டமும் வந்துவிட்டது. இனி எழுதப்படும் விதிகளில் இரண்டைச் சேர்க்க வேண்டும்: செவிலிய ஆசிரியர்களுக்கு வாரத்தில் இரண்டு நாள் வார்டுப் பணி, ஆய்வேட்டில் கேள்வித்தாள் மதிப்பெண்ணுக்குப் பதிலாக நோயாளிக்கு நேர்ந்த மாற்றத்தின் அளவு. வார்டுக்குப் போனால் வகுப்பு கெடும் என்பார்கள். வார்டையே பார்க்காதவர் நடத்தும் வகுப்பால் மாணவிக்கு என்ன பயன்?

என்னிடம் வந்த ஒரு மாணவி, தையல் போட்ட தாய்மார் எந்தப் பக்கம் சாய்ந்து பால் கொடுத்தால் வலி குறையும் என்று ஆராய விரும்பினார். ஆள் சேர்க்க மாதக்கணக்காகும், கேள்வித்தாளே போதும் என்று வழிகாட்டி சொல்லிவிட்டார். அந்த மாணவியும் கேள்வித்தாளோடு பட்டம் வாங்கினார். இப்போது அவரே ஓர் ஆசிரியை. வாரத்தில் இரண்டு நாள் வார்டுக்கு விட்டால் அந்த ஆய்வை இன்றைக்கே தொடங்கத் தயார் என்கிறார்.