தோலே... நலமா?

ஸ்பெக்ட்ரோஸ்கோப்பின்னா எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி பசங்களோட தலைவலின்னுதானே நினைச்சுக்கிட்டிருக்கீங்க? ஒரு நிமிஷம் பாஸ்!

பைக் விபத்து. காலில் எலும்பு தெரிகிற காயம். டாக்டர் ரத்தக்குழாயோடு சேர்த்து ஒரு துண்டு தோலைக் கொண்டுவந்து மூடித் தைக்கிறார். 'ஃப்ளாப்' என்பார்கள். அதுக்கப்புறம்தான் டென்ஷனே. உள்ளே ரத்தம் ஓடுதா, தோல் செத்துக்கிட்டிருக்கா? நர்ஸ் அடிக்கடி வந்து நிறம் பார்ப்பார், சூடு பார்ப்பார், விரலால் அழுத்தி ரத்தம் திரும்புதான்னு பார்ப்பார். நம்ம மாதிரி கறுத்த தோலில் நிறம் மாறுவது அவ்வளவு சுலபமாகத் தெரியாது. லேட்டானால் அந்தத் தோல் அவ்வளவுதான்.

செல்லையே கேட்டுவிட்டால்? அதுதான் காந்த ஒத்ததிர்வு நிறமாலை. எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்கு வயசில் மூத்த அண்ணன். தம்பி படம் காட்டுவான். அண்ணன் உள்ளே என்னென்ன கெமிக்கல் எவ்வளவு இருக்குன்னு முகடு முகடாகக் கோடு போடுவார். இதன் அடிப்படையை 1946-ல் கண்டுபிடித்த ப்ளாக், பர்செல் இருவருக்கும் 1952-ல் நோபல் பரிசு.

காந்தத்துக்குள் பாஸ்பரஸ் அணுக்கரு ஒரு ரேடியோ அலைக்குப் பதில் சொல்லும். பக்கத்து சீட்டில் எந்த அணு உட்கார்ந்திருக்கு என்பதைப் பொறுத்து அதன் ஸ்ருதி துளியூண்டு மாறும். அதனால் செல்லின் பாக்கெட் மணியான ஏ.டி.பி.க்குத் தனியாக மூணு முகடு; தனி பாஸ்பேட்டுக்கு வேறு முகடு. ரத்தம் நின்றால் ஏ.டி.பி. கரையும், பாஸ்பேட் ஏறும். அந்த பாஸ்பேட் முகடு நகர்ந்திருக்கும் இடத்தை வைத்து செல்லுக்குள் அமிலம் கூடியதையும் சொல்லிவிடலாம். ஊசி இல்லை, கத்தி இல்லை!

அப்புறம் ஏன் எல்லா ஆஸ்பத்திரியிலும் இல்லை? தோலின் கனம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். மேலே ஒட்டிவைக்கிற சின்னக் காயில் 1980-லேயே ஆக்ஸ்போர்டில் வந்துவிட்டது. ஆனாலும் அடியில் இருக்கிற தசை சும்மா இருக்காதே! அதில் கிரியேட்டின் பாஸ்பேட் கொட்டிக் கிடக்கும். அந்த முகடு எகிறினால், தசை நடுவில் மூக்கை நுழைச்சிருக்குன்னு சந்தேகப்படணும். போதாக்குறைக்கு, ஒரே எண்ணிக்கை அணு இருந்தாலும் பாஸ்பரஸின் குரல் ஹைட்ரஜன் குரலில் சுமார் 15-ல் ஒரு பங்குதான். நிமிஷக்கணக்கில் காது கொடுத்தால்தான் கேட்கும். ஆபரேஷன் முடிந்து படுத்திருக்கிறவரை மணிக்கொரு தரம் ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு காந்தத்துக்குப் போக முடியுமா என்ன?

ஜெர்மனியின் ஆகன் நகரில் இதைத் திருப்பிப் போட்டு யோசித்தார்கள். ஆளைக் காந்தத்துக்குள் தள்ளாமல், காந்தத்தை ஆள்கிட்டே கொண்டுபோனால்? கையில் தூக்குகிற அந்தக் கருவிக்கு 'மௌஸ்' என்று பேர். தோலின் அடுக்குகளை அது ஆழம்வாரியாக அளந்து காட்டுகிறது. ஏ.டி.பி. முகடு பார்க்க மட்டும் இன்னும் பெரிய காந்தம்தான் வேணும்.