இமை ஓரம் எரிகிறதா? சொட்டு மருந்தை மாற்றும் முன் இதைக் கவனியுங்கள்!

காலையில் எழுந்ததும் இமைகள் ஒட்டிக்கொண்டு பிரிய மறுக்கின்றன. முகம் கழுவிப் பீளையைத் துடைத்த பிறகும் கண்ணுக்குள் மணல் விழுந்ததுபோல உறுத்தல். இமை ஓரம் சிவந்து, லேசாகத் தடித்திருக்கிறது. மதியத்துக்குள் அரிப்பு தாங்காமல் கை தானாகக் கண்ணுக்குப் போகிறது. "ராத்திரி தூங்கலையா?", "அழுதியா என்ன?" என்று வீட்டிலும் அலுவலகத்திலும் விசாரணை வேறு.

இது நாலு நாளில் சரியாகிவிடும் 'கண் நோய்' அல்ல. வாரக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் விட்டுவிட்டு வரும் தொல்லை. 'மெட்ராஸ் ஐ' என்று நினைத்துக் கறுப்புக் கண்ணாடி போடுபவர்கள் உண்டு. பவர் கூடிவிட்டது என்று நினைத்துக் கண்ணாடியை மாற்றுபவர்களும் உண்டு. பல நேரங்களில் பிரச்னை கண்ணில் இல்லை, இமையில்தான் இருக்கிறது. இதற்கு மருத்துவர்கள் சொல்லும் பெயர் பிளெஃபரைட்டிஸ், அதாவது இமை அழற்சி.

இமை ஓரத்தில் என்ன நடக்கிறது?

உடலிலேயே மிக மெல்லிய தோல் இமையில்தான் இருக்கிறது. அந்த இமைக்குள், முடி முளைக்கும் வரிசைக்குப் பின்னால், எண்ணெய் சுரக்கும் சின்னஞ்சிறு சுரப்பிகள் வரிசையாக அமைந்துள்ளன. மேல் இமையில் சுமார் 25 முதல் 40 வரை, கீழ் இமையில் சுமார் 20 முதல் 30 வரை இருக்கும். 1666-ல் இவற்றை விவரித்த ஜெர்மன் மருத்துவர் ஹெய்ன்ரிக் மெய்போமின் பெயரால், இவை மெய்போமியன் சுரப்பிகள் எனப்படுகின்றன.

நாம் கண் சிமிட்டும் ஒவ்வொரு முறையும் இந்த எண்ணெய் துளித்துளியாக வெளிவந்து, கண்ணீரின் மேல் மெல்லிய படலமாகப் பரவுகிறது. கண்ணீர் சீக்கிரம் உலர்ந்துவிடாமல் காப்பது இதுதான். சுரப்பியின் வாய் அடைபட்டால் எண்ணெய் உள்ளேயே கெட்டியாகிவிடும். குளிர்ந்த நெய் உறைவதுபோலத்தான் இதுவும். எண்ணெய் வராததால் கண் உலர்கிறது. தேங்கி நிற்பதால் இமை வீங்குகிறது. 'கண் கட்டி' சிலருக்குத் திரும்பத் திரும்ப வருவதற்கும் இது ஒரு காரணம்.

சுரப்பியில் அடைப்பு ஏற்படுவது ஒரு வகை. இமை முடியின் வேர்ப் பகுதியில் செதில் படிவதும், தோலில் எப்போதும் இருக்கும் பாக்டீரியா அளவுக்கு மீறிப் பெருகுவதும் இன்னொரு வகை. பலருக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கும். தலையில் பொடுகு உள்ளவர்களுக்கு இமையிலும் செதில் வருவது சகஜம். அப்படிப்பட்டவர்கள் தலைப் பொடுகைக் கவனிக்காமல் இமையை மட்டும் கவனித்தால் பலன் பாதிதான்.

மணிக்கணக்கில் கம்ப்யூட்டர், மொபைல் பார்ப்பதும் இதைக் கூட்டுகிறது. திரையைப் பார்க்கும்போது கண் சிமிட்டுவது வெகுவாகக் குறைகிறது. பலர் இமையை முழுவதுமாக மூடாமல் அரைகுறையாகச் சிமிட்டுகிறார்கள். இமை முழுதாக மூடினால்தான் எண்ணெய் வெளியே வரும்.

'அண்ணே, அந்த சொட்டு மருந்து குடுங்க!'

இங்கேதான் பெரும்பாலானவர்கள் சறுக்குகிறார்கள். "அண்ணே, போன தடவை குடுத்தீங்களே, சிவப்பு உடனே போச்சே, அதே சொட்டு மருந்து ஒண்ணு குடுங்க" என்று மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்குவது பலருக்குப் பழக்கமாகிவிட்டது. ஒரே நாளில் சிவப்பும் அரிப்பும் மாயமாகின்றன. மருந்தை நிறுத்திய சில நாள்களில் மறுபடி வருகின்றன. மறுபடியும் அதே பாட்டில்.

இப்படி 'உடனே கேட்கும்' மருந்துகள் பலவற்றில் இருப்பது ஸ்டீராய்டு. மருத்துவர் சொன்ன அளவில், சொன்ன நாள்கள் மட்டும் போட்டால் அது நல்ல மருந்து. மாதக்கணக்கில் தானாகப் போட்டுக்கொண்டால் கண்ணுக்குள் இருக்கும் அழுத்தம் ஏறலாம். கண் நீர் அழுத்த நோய் வலி இல்லாமல், தெரியாமலேயே பார்வை நரம்பை அரிக்கும். அதில் இழந்த பார்வை திரும்பாது. கண்புரையும் சீக்கிரம் வரலாம். கண்ணில் ஹெர்பிஸ் வைரஸ் தொற்று இருந்தால் ஸ்டீராய்டு அதைத் தூண்டிவிட்டுக் கருவிழியைக் கெடுத்துவிடும். சட்டப்படி இவை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதவை.

வீட்டில் இருக்கும் பாட்டிலின் லேபிளை ஒருமுறை வாசிப்பது நல்லது. டெக்சாமெத்தசோன், பிரெட்னிசோலோன், பீட்டாமெத்தசோன், ஃபுளோரோமெத்தலோன், லோட்டிபிரெட்னால் என்ற பெயர்களில் ஒன்று இருந்தால் அது ஸ்டீராய்டு. நீண்ட நாள் போட்டுவருபவர்கள் கண் மருத்துவரிடம் அதைச் சொல்லிக் கண் அழுத்தத்தைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். முகத்தில் பூசும் சில சிவப்பழகு க்ரீம்களிலும் ஸ்டீராய்டு உண்டு. அதை இமை வரை பூசுபவர்களுக்கும் இதே எச்சரிக்கைதான்.

எல்லா சிவப்பும் ஒன்றல்ல!

இமை ஓரத்தில் மட்டும் பிரச்னை என்றால் இமை அழற்சியாக இருக்கலாம். இமையின் மேல் தோலே சிவந்து, உலர்ந்து, செதில் செதிலாக உரிந்து அரித்தால் அது ஒவ்வாமையாக இருக்க வாய்ப்பு அதிகம். மெல்லிய தோல் என்பதால், உடலின் வேறு இடத்தில் பூசிய பொருளுக்கும் முதலில் எதிர்ப்புக் காட்டுவது இமைதான்.

நெயில் பாலிஷ் போட்ட விரலில் எதுவும் ஆகாது. அதே விரல் கண்ணைத் தொடும்போது இமை வீங்கும். தலைக்கு அடித்த டை, புது ஷாம்பு, வாசனை சேர்த்த க்ரீம், கண் மை, மஸ்காரா என்று பட்டியல் நீளும். கண் சொட்டு மருந்தில் கெடாமல் இருக்கச் சேர்க்கும் பொருளும், நியோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கும்கூடச் சிலருக்கு ஒவ்வாது. குணமாக்கப் போட்ட மருந்தே நோயை நீட்டிப்பது இப்படித்தான்.

சந்தேகம் இருந்தால் தோல் மருத்துவர் 'பேட்ச் டெஸ்ட்' செய்வார். சந்தேகப்படும் பொருள்களைச் சிறு பட்டைகளில் வைத்து முதுகில் ஒட்டி, 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்ப்பார்கள். சில எதிர்வினைகள் தாமதமாக வரும் என்பதால், ஓரிரு நாள் கழித்து மறுபடியும் பார்ப்பார்கள். காரணம் தெரிந்துவிட்டால், அந்தப் பொருளை நிறுத்துவதுதான் முதல் சிகிச்சை.

தினமும் 10 நிமிடம்: முக்கிய சிகிச்சை இதுதான்

இமை அழற்சியைப் பெரும்பாலும் அடியோடு ஒழிக்க முடியாது. ஆனால், நன்றாகக் கட்டுப்படுத்தலாம். பல் துலக்குவதுபோல இமையைப் பராமரிப்பதும் தினசரி வேலை ஆக வேண்டும்.

* ஒத்தடம்: சுத்தமான துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, மூடிய இமைகள் மேல் 5 முதல் 10 நிமிடங்கள் வைக்க வேண்டும். சூடு சுமார் 40 டிகிரி செல்சியஸ் போதும். மணிக்கட்டின் உள்பக்கம் வைத்துப் பார்த்தால் இதமாக இருக்க வேண்டும், சுடக் கூடாது. துணி சீக்கிரம் ஆறிவிடும் என்பதால் அவ்வப்போது மறுபடி நனைக்க வேண்டும்.

* மசாஜ்: ஒத்தடம் கொடுத்த உடனே, மேல் இமையை மேலிருந்து கீழாகவும், கீழ் இமையைக் கீழிருந்து மேலாகவும், முடி இருக்கும் ஓரத்தை நோக்கி விரலால் மென்மையாக நீவிவிட வேண்டும். இளகிய எண்ணெய் வெளியே வரும். கண் விழியை அழுத்தக் கூடாது.

* சுத்தம்: கொதிக்க வைத்து ஆறிய நீரில் ஒரிரு சொட்டு பேபி ஷாம்பு கலந்து, பஞ்சால் இமை முடியின் அடியை மெதுவாகத் துடைக்க வேண்டும். ஷாம்பு எரிச்சல் தந்தால், இதற்கென்றே மருந்துக் கடைகளில் விற்கும் இமை துடைக்கும் வைப்ஸ் வாங்கலாம். ஒவ்வொரு கண்ணுக்கும் தனிப் பஞ்சு வேண்டும்.

ஆரம்பத்தில் தினமும் 2 முறை, அடங்கிய பிறகு ஒரு முறை. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். நாலு நாள் செய்துவிட்டு 'ஒன்றும் ஆகவில்லை' என்று விட்டுவிடுவதால்தான் பலருக்கும் இது தோற்கிறது. சரியாகிவிட்டதே என்று நிறுத்தினாலும் திரும்ப வரும்.

சிவப்பு இருக்கும் வரை கண் மை, காஜல், கான்டாக்ட் லென்ஸ் மூன்றுக்கும் விடுமுறை கொடுப்பது நல்லது. இமையின் உள் ஓரத்தில் மை தீட்டினால் சுரப்பியின் வாய் அடைபடும். அழற்சியின்போது பயன்படுத்திய மையையும் மஸ்காராவையும் தூக்கிப்போட்டுவிட வேண்டும்.

மருந்து எப்போது தேவை?

சுத்தம் செய்தும் அடங்காதபோது, மருத்துவர் இமை ஓரத்தில் தடவ ஆன்டிபயாடிக் களிம்பு தருவார். சுரப்பி அடைப்பு கடுமையாக இருந்தால் டாக்ஸிசைக்ளின் மாத்திரையைச் சில வாரங்களுக்குக் கொடுப்பதுண்டு. கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் இது ஏற்றதல்ல. அதனால் ஒருவருக்கு எழுதிய மாத்திரையை இன்னொருவர் சாப்பிடக் கூடாது. கண் உலர்வுக்குச் செயற்கைக் கண்ணீர் சொட்டு மருந்து உதவும்.

இமை முடியின் அடியைச் சுற்றிக் குழாய்போலச் செதில் ஒட்டியிருந்தால், டெமோடெக்ஸ் என்ற உண்ணி காரணமாக இருக்கலாம். சுமார் 0.3 மில்லிமீட்டர் நீளமே உள்ள இது, பெரியவர்கள் பலரின் தோலில் தொல்லை தராமல் வாழ்வதுதான். அளவுக்கு மீறிப் பெருகும்போதுதான் சிக்கல். இதற்கென்றே லோட்டிலானர் என்ற சொட்டு மருந்துக்கு அமெரிக்கா 2023-ல் அனுமதி அளித்தது. இணையத்தில் பிரபலமான டீ ட்ரீ எண்ணெயை அப்படியே இமையில் தடவுவது ஆபத்து. அது கண்ணைப் புண்ணாக்கிவிடும்.

மீன் எண்ணெய் மாத்திரைக்குச் செலவு செய்யலாமா என்றும் பலர் கேட்கிறார்கள். கண் உலர்வு உள்ளவர்களிடம் அமெரிக்காவில் 12 மாதங்கள் நடந்து, 2018-ல் வெளியான பெரிய ஆய்வில், ஆலிவ் எண்ணெயைவிட மீன் எண்ணெய் கூடுதல் பலன் தரவில்லை.

பாட்டி வைத்தியம் எது வரை?

உள்ளங்கையைத் தேய்த்துச் சூடாக்கிக் கண்ணில் ஒற்றும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. இதமான சூடு என்ற அளவில் அந்த யோசனை சரிதான். ஆனால் தாய்ப்பால், விளக்கெண்ணெய், இலைச் சாறு, பூச்சாறு என்று எதையும் கண்ணுக்குள் விடக் கூடாது. கிருமி நீக்கம் செய்யாத எதுவும் கருவிழியில் தொற்றை உண்டாக்கலாம்.

காத்திருக்கக் கூடாதது எப்போது?

பார்வை மங்கினால், கண்ணுக்குள் வலித்தால், வெளிச்சம் பார்க்கக் கூசினால் அன்றே கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும். குழந்தைக்குக் காய்ச்சலோடு கண்ணைச் சுற்றி வீங்கினால் அது அவசரம். ஒரு பக்க இமையில் மட்டும் மாதக்கணக்கில் ஆறாத தடிப்பு, முடி உதிர்வு, அதே இடத்தில் திரும்பத் திரும்பக் கட்டி என்றால், குறிப்பாக வயதானவர்களுக்கு, சதைப் பரிசோதனை தேவைப்படலாம். இமைச் சுரப்பியில் வரும் ஒருவகைப் புற்றுநோய் சாதாரணக் கட்டிபோலவே தோன்றும். இந்தியா உள்ளிட்ட ஆசிய நாடுகளில் இது ஒப்பீட்டளவில் அதிகம்.

மருத்துவரிடம் போகும்போது, இதுவரை போட்ட எல்லாச் சொட்டு மருந்துகளையும் களிம்புகளையும், முகத்துக்குப் பூசும் க்ரீம், கண் மை, ஹேர் டை அட்டையையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்வது நல்லது. எந்தெந்த நாள்களில் சிவப்பு கூடியது என்று மொபைலில் எடுத்த போட்டோ இருந்தால் இன்னும் நல்லது. 'ரொம்ப நாளா எரியுது டாக்டர்' என்று மட்டும் சொல்வதைவிட, அந்தப் பைதான் சரியான சிகிச்சையை வேகமாகக் காட்டிக்கொடுக்கும்.