மலையுச்சியில் ஒரு பாடம்

மாணவர் சிலருடன் நாம் ஒருமுறை ஹோட்டன் சமவெளிக்குச் சென்றோம். கொட்டகலையில் புகையிரதம் ஏறிப் பட்டிப்பொலயில் இறங்கிப் போன பயணம் அது. பூங்கா வாயிலில் காவலர் எமது பைகளைச் சோதித்து, பொலித்தீன் உறைகளை வாங்கிக்கொண்டார். "சோற்றுப் பொதி சுற்றிய தாளுக்குமா சேர், சட்டம்?" என்று ஒரு மாணவன் முகஞ் சுளித்தான். நியாயமான கேள்விதான்.

தேசிய பூங்கா என்பது வெறும் காடு அன்று. முன்கூட்டியே வகுத்த திட்டத்தால் ஆளப்படும் காடு. எதைக் காப்பது, அதற்குக் கேடு எங்கிருந்து வரும், மனிதர் எதுவரை செல்லலாம் என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை கண்டு, அதன்படி ஒழுகுவதே அதன் நிருவாகம்.

இங்கு காக்கவேண்டிய முதற்பொருள் தண்ணீர். 2,100 மீற்றருக்கு மேலுள்ள இச்சமவெளியின் குட்டை மரங்களும் பாசியும் முகிலின் ஈரத்தைப் பற்றி நிலத்துக்கு வார்க்கின்றன. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் இங்கிருந்து நீர் செல்கிறது. தலவாக்கலையில் நாம் காணும் கொத்மலை ஓயாவுக்கும் இதுவே தாய்வீடு.

இதனை முன்னரே உணர்ந்தவர் உண்டு. 5,000 அடிக்கு மேலுள்ள காடுகளை அழிக்கலாகாது என்று தாவரவியலறிஞர் ஜோசப் ஹூக்கர் 1873இல் ஆலோசனை கூறினார். ஆயினும் 1960களில் சமவெளியின் ஒரு பகுதியில் உருளைக்கிழங்கு பயிரிட்டனர். பயிர்ச்செய்கை நின்றது, இழந்த காடோ எளிதில் மீளவில்லை. 1969இல் ஒதுக்கிடமாகவும், 1988இல் தேசிய பூங்காவாகவும் இவ்விடம் பிரகடனம் பெற்றது. 2010இல் மத்திய மலைநாட்டின் உலக மரபுரிமையில் இடம்பெற்றது.

மாணவனின் கேள்விக்கு இப்போது விடை கூறலாம். உணவு மணக்கும் பொலித்தீனை மரைகள் தின்றுவிடுகின்றன. அது வயிற்றில் அடைத்தால் உயிருக்கே ஆபத்து. உலக முடிவைச் சுற்றிவரும் ஏறத்தாழ ஒன்பது கிலோமீற்றர் பாதையை விட்டு விலகலாகாது என்பதும் இத்தகைய விதியே. ஒருவர் கால் வைத்த இடத்தில் நூறுபேர் நடப்பர். புல் அழியும், மழை மண்ணை அரிக்கும். அயல்நாட்டிலிருந்து வந்த மஞ்சட்பூ முட்செடி அங்கே பரவிவிட்டதைக் கண்டு பிடுங்குவதும் ஓயாத வேலையாயிற்று.

பசித்த வேளையிலும் தாய் விதைநெல்லைத் தொட விடுவதில்லை. பிள்ளைமேல் இரக்கமின்மையாலா? வாயிற் காவலரின் மறுப்பும் அத்தகையதே. அடுத்த பயணத்தில் எம் மாணவர் வாழையிலையிற் சோறு கட்டிவரட்டும்.