எஞ்சின் எண்ணெய் மாற்ற ஃபோர்மேனிடம் போவதா, வீட்டிலேயே செய்வதா? நீலாய்வாசிகளுக்கு ஒரு கணக்கு

பெட்ரோல் விலை என்ன என்று கேட்டால் எல்லாரும் டக்குன்னு சொல்லிவிடுவார்கள். 2025 செப்டம்பர் 30 முதல் 'புடி95' திட்டத்தில் தகுதியுள்ள மலேசியர்களுக்கு ரோன்95 லிட்டருக்கு 1.99 ரிங்கிட் என்று அறிவிக்கப்பட்டபோது, அது வீட்டுக்கு வீடு பேச்சாக இருந்தது. ஆனால் அதே வண்டிக்குள் ஊற்றும் எஞ்சின் எண்ணெய்க்கு அரசு விலை எதுவும் கிடையாது. கடைக்குக் கடை, பட்டறைக்குப் பட்டறை விலை மாறும்.

நீலாயில் இது சின்ன விஷயம் இல்லை. லாபு, மந்தின், பத்தாங் பெனார் வட்டாரத் தோட்டங்களில் வேலைக்காடு வீட்டு வாசலிலேயே இருந்த காலம் போய்விட்டது. தோட்டத்தை விட்டுத் தாமானுக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகள் இன்று நீலாய் தொழிற்பேட்டைக்கும் கேஎல்ஐஏவுக்கும் கோலாலம்பூருக்கும் தினமும் ஓடுகிறார்கள். கொமுட்டர் ரயில் இருக்கிறது. ஆனால் இரவு ஷிப்ட் முடிந்து வருகிறவருக்கு மோட்டாரோ காரோ இல்லாமல் முடியாது.

"கூலி கொடுத்து என்னத்துக்கு? யூடியூப் பார்த்து நானே மாத்திக்கிறேன்" என்று சொல்பவர்கள் இப்போது அதிகம். அதில் உண்மையிலேயே எவ்வளவு மிச்சம்? எது மிச்சம் மாதிரி தெரிந்து பின்னால் செலவு வைக்கும்?

முதலில், பில்லில் என்னென்ன இருக்கிறது?

எண்ணெய் மாற்றும் பில்லில் மூன்று பங்கு உண்டு: எண்ணெய், ஃபில்டர், கூலி. கூலிதான் பெரிய செலவு என்று பலர் நினைக்கிறார்கள். சாதாரணப் பட்டறை பில்லை எடுத்துப் பார்த்தால் எண்ணெய்தான் பெரிய பங்கு. பட்டறையின் லாபமும் பெரும்பாலும் அந்த எண்ணெயில்தான் இருக்கிறது. சில இடங்களில் "கூலி இலவசம்" என்று போர்டு போட முடிவதற்குக் காரணம் இதுதான்.

இதோடு வரியும் உண்டு. வாகனப் பராமரிப்பு, பழுதுபார்ப்பு நிலையங்களின் ஆண்டு வருமானம் குறிப்பிட்ட வரம்பைத் தாண்டினால், அவை சேவை வரி வசூலிக்க வேண்டும். 2024 மார்ச் 1 முதல் அந்த வரி 6 விழுக்காட்டிலிருந்து 8 விழுக்காடாக உயர்ந்தது. தாமான் முனையில் இருக்கும் சின்னப் பட்டறையில் இந்த வரி இல்லாமல் போகலாம், பெரிய சர்வீஸ் சென்டர் பில்லில் இருக்கும்.

கார்: ஓர் உதாரணக் கணக்கு

கீழே வரும் எண்கள் கணக்குப் போட்டுப் பார்ப்பதற்காக வைத்துக்கொண்டவை, விலைப்பட்டியல் அல்ல. உங்கள் பகுதி விலையைக் கேட்டு இதே இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

மைவி மாதிரி ஒரு சின்னக் கார். பட்டறையில் 4 லிட்டர் முழு சிந்தெட்டிக் எண்ணெய் 150 ரிங்கிட், ஃபில்டர் 20, கூலி 25. மொத்தம் 195 ரிங்கிட்.

அதே எண்ணெயை நீங்களே தள்ளுபடியில் 120க்கு வாங்குகிறீர்கள். ஃபில்டர் 15, வடிகால் போல்ட்டுக்குப் புது வாஷர் 2. மொத்தம் 137 ரிங்கிட். மிச்சம் 58 ரிங்கிட்.

நல்ல மிச்சம்தானே? இப்போது அந்த 58ஐப் பிரித்துப் பாருங்கள். அதில் 33 ரிங்கிட், பொருளை நீங்களே விலை பார்த்து வாங்கியதால் வந்தது. கையில் மசி பூசி, காருக்கு அடியில் படுத்ததால் வந்தது மீதி 25 ரிங்கிட் மட்டுமே.

இனி கருவிகள். ஜேக், ஜேக் ஸ்டாண்ட் இரண்டு, ஃபில்டர் கழற்றும் ரெஞ்ச், ஸ்பேனர், எண்ணெய் பிடிக்கும் தட்டு, கையுறை என்று ஒரு தடவைச் செலவு 250 ரிங்கிட் என்று வைப்போம். ஒவ்வொரு மாற்றத்திலும் 58 மிச்சம் என்றால், ஐந்தாவது மாற்றத்தில்தான் முதல் திரும்பி வரும். ஆண்டுக்கு இரண்டு மாற்றம் என்றால் அதற்கே இரண்டு ஆண்டுக்கு மேல் ஆகும்.

நடுவில் ஒரு வழி இருக்கிறது

எண்ணெயையும் ஃபில்டரையும் நீங்களே வாங்கிக்கொண்டு போய், கூலி மட்டும் கொடுத்து மாற்றச் சொல்வது. மேலே உள்ள கணக்கில் 137 கூட்டல் 25, அதாவது 162 ரிங்கிட். கருவி எதுவும் வாங்காமலே ஒரு தடவைக்கு 33 ரிங்கிட் மிச்சம்.

இந்த நடுவழியோடு ஒப்பிட்டால், வீட்டில் செய்வதன் கூடுதல் மிச்சம் வெறும் 25 ரிங்கிட். 250 ரிங்கிட் கருவிச் செலவை எடுக்கப் பத்து மாற்றம், அதாவது ஐந்து ஆண்டு வேண்டும். கருவி ஏற்கெனவே வீட்டில் இருந்தாலோ, நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து வாங்கினாலோதான் இந்தக் கணக்கு மாறும்.

எல்லாப் பட்டறையும் இதற்கு ஒத்துக்கொள்ளாது. எண்ணெயில் வரும் லாபம் போவதால் சிலர் கூலியைக் கூட்டுவார்கள். "எண்ணெய் நான் கொண்டு வந்தால் கூலி எவ்வளவு, அண்ணே?" என்று போகும் முன்னே கேட்டுவிடுங்கள்.

நேரத்துக்கும் விலை உண்டு. 2025ல் நடப்புக்கு வந்த 1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளத்தின்படி ஒரு மணி நேரத்துக்கு 8.72 ரிங்கிட். ஒன்றரை மடங்கு ஓவர்டைம் என்றால் சுமார் 13.08 ரிங்கிட். வீட்டில் எண்ணெய் மாற்றித் துடைத்து முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆனால், அது ஏறத்தாழ 20 ரிங்கிட் மதிப்புள்ள நேரம். பட்டறையில் காத்திருப்பதும் நேரம்தான் என்பதால், இந்த விஷயத்தில் இரண்டு பக்கமும் பெரிய வித்தியாசம் இல்லை.

மோட்டாருக்குக் கணக்கு வேறு

காப்சாய் மோட்டார் வைத்திருப்பவர்களுக்கு வீட்டில் மாற்றுவது நிஜமாகவே லாபம். ஜேக் வேண்டாம், அடியில் படுக்க வேண்டாம். ஒரு ஸ்பேனர், ஒரு தட்டு, ஒரு புனல் போதும். பெரும்பாலான காப்சாய்களுக்கு ஒரு லிட்டருக்கும் குறைவான எண்ணெய்தான் பிடிக்கும். கிலோமீட்டர் இடைவெளி காரைவிடக் குறைவு என்பதால், ஆண்டுக்குப் பல தடவை மாற்ற வேண்டிவரும். ஒரு தடவைக்குப் பத்து வெள்ளி மிச்சம் என்றாலும் கருவிக் காசு சில மாதத்தில் திரும்பிவிடும்.

ஒரு எச்சரிக்கை. கார் எண்ணெய் மீதி இருக்கிறது என்று மோட்டாரில் ஊற்றாதீர்கள். கியர் மோட்டார்களில் பெரும்பாலும் கிளட்சும் அதே எண்ணெயில்தான் நனைந்து ஓடுகிறது. உராய்வைக் குறைக்கும் சேர்மானங்கள் உள்ள கார் எண்ணெய் பட்டால் கிளட்ச் வழுக்கும். புட்டியில் 'ஜாஸோ எம்ஏ' அல்லது 'எம்ஏ2' என்ற குறியீடு இருக்கிறதா என்று பாருங்கள். கிளட்ச் தனியாக இருக்கும் ஸ்கூட்டர்களுக்கு 'எம்பி'. காருக்கு என்றால் கையேட்டில் சொன்ன தடிமன், உதாரணமாக 0டபிள்யூ-20 அல்லது 5டபிள்யூ-30, அதோடு 'ஏபிஐ' தரக் குறியீடு. பெட்ரோல் கார்களுக்கான 'எஸ்பி' தரம் 2020 மே மாதம் வந்தது.

மலிவு விலையைப் பார்த்து மயங்கவும் வேண்டாம். உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சு போலி எஞ்சின் எண்ணெயைப் பலமுறை கைப்பற்றியிருக்கிறது. சந்தை விலையில் பாதிக்கு ஒருவர் விற்கிறார் என்றால், ஏன் என்று கேளுங்கள்.

எங்கே தப்பு நடக்கும்?

உயிருக்கு ஆபத்தானது ஒன்றுதான்: ஜேக்கை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் போவது. ஜேக் தூக்குவதற்கு, தாங்குவதற்கு அல்ல. சமதளத்தில் ஸ்டாண்ட் வைக்காமல் தலையை உள்ளே விடக்கூடாது.

அடுத்தது காசு போகும் தப்புகள். வடிகால் போல்ட்டை மூச்சுப் பிடித்து இறுக்கினால், அலுமினியத் தட்டின் மரை கழன்றுவிடும். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருக்க, அதன்மேல் புது ஃபில்டரைப் போட்டால் எண்ணெய் பீய்ச்சி அடிக்கும். எண்ணெய் இல்லாமல் எஞ்சின் ஓடினால் அந்தச் செலவு ஆயிரங்களில் நிற்கும். அங்கே 25 ரிங்கிட் கூலி ஒன்றுமே இல்லை.

புதுக் கார் என்றால் உத்தரவாதப் புத்தகத்தை முதலில் படியுங்கள். புரொடுவா, புரோட்டோன் கார்களுக்கு 5 ஆண்டு அல்லது 1,50,000 கிலோமீட்டர் என்ற உத்தரவாதம் வழக்கத்தில் உள்ளது. சர்வீஸ் எங்கே, எப்போது செய்ய வேண்டும் என்ற நிபந்தனைகளும் அதோடு வரும். அந்தக் காலம் முடியும்வரை சர்வீஸ் சென்டர் முத்திரைக்கும் ஒரு மதிப்பு இருக்கிறது.

பழைய எண்ணெயை என்ன செய்வது?

வீடியோக்கள் பெரும்பாலும் இந்த இடத்துக்கு வரும் முன்னே முடிந்துவிடும். தட்டில் மூன்று லிட்டர் கறுப்பு எண்ணெய் நிற்கிறது. இனி என்ன?

அந்தக் காலத்தில் வேலிக் கட்டைக்குப் பூசினார்கள், கறையான் வராது என்று. சிலர் இன்றும் வீட்டுக்குப் பின்னால் மண்ணிலோ லோங்காங்கிலோ ஊற்றிவிடுகிறார்கள். எஞ்சினில் ஓடிய எண்ணெயில் உலோகத் துகள்களும், எரிபொருள் எரிந்ததில் வந்த நச்சுப் பொருள்களும் சேர்ந்திருக்கும். தோலில் அடிக்கடி படுவதே நல்லதல்ல, அதனால்தான் கையுறை. ஒரே ஒரு எண்ணெய் மாற்றத்தில் வடியும் எண்ணெய் பத்து லட்சம் கேலன் நன்னீரைக் கெடுக்கக்கூடும் என்கிறது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம்.

நீலாய்க்காரர்களுக்கு இது தூரத்துச் செய்தி இல்லை. இங்கே ஓடும் பத்தாங் பெனார் ஆற்றின் தண்ணீர் எல்லை தாண்டி சிலாங்கூரின் செமினி ஆற்றுப் பக்கம் போகிறது. 2020 அக்டோபரில் செமினி நீர் சுத்திகரிப்பு நிலையம் துர்நாற்றத்தால் மூடப்பட்டது. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட கணக்குகளுக்குத் தண்ணீர் நின்றது. மாசு நீலாய் தொழிற்பேட்டைப் பக்கமிருந்து வந்ததாக அப்போது கூறப்பட்டது. அதற்கு ஒரு மாதம் முன்புதான், ரவாங் அருகே ஆற்றில் கலந்த கழிவால் நான்கு நிலையங்கள் மூடப்பட்டு, சுமார் 12 லட்சம் கணக்குகள் பாதிக்கப்பட்டன. இவை வீட்டில் எண்ணெய் மாற்றியவர்களால் வந்தவை அல்ல. ஆனால் ஆற்றில் கலப்பது எவ்வளவு தூரம் போகும் என்பதை இரண்டுமே காட்டின.

சட்டமும் இதைச் சாதாரணமாகப் பார்ப்பதில்லை. 2005ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, பயன்படுத்திய மசகு எண்ணெய் எஸ்டபிள்யூ 305 என்ற குறியீடு கொண்ட அட்டவணைக் கழிவு. பட்டறைகள் அதை 180 நாளுக்கு மேல் வைத்திருக்கக்கூடாது. சுற்றுச்சூழல் துறையின் உரிமம் பெற்றவர்களிடம்தான் ஒப்படைக்க வேண்டும். 1974ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டம் 2024ல் திருத்தப்பட்டபோது, கடுமையான குற்றங்களுக்கான அபராத உச்சவரம்பு 1 கோடி ரிங்கிட் ஆனது.

இங்கேதான் பட்டறைக்கும் வீட்டுக்கும் உண்மையான வித்தியாசம். பட்டறையின் பழைய எண்ணெய்க்கு விலை உண்டு, அதை எடுத்துப்போக லாரி வரும். வீட்டு வாசலுக்குக் குப்பை எடுக்க வருகிற லாரி இதை எடுக்க வருவதில்லை. அந்த 25 ரிங்கிட் கூலிக்குள் இந்தக் கழிவுப் பொறுப்பும் அடங்கியிருக்கிறது. பில்லில் அது எழுதப்படுவதில்லை, அவ்வளவுதான்.

வீட்டில் மாற்றுபவர்களுக்கும் வழி உண்டு. வடித்த எண்ணெயை, புது எண்ணெய் வந்த அதே புட்டியில் ஊற்றி இறுக மூடுங்கள். தண்ணீரோ பெட்ரோலோ பிரேக் எண்ணெயோ கலக்க வேண்டாம். ஃபில்டரை ஒரு இரவு கவிழ்த்து வடிய விடுங்கள். பிறகு இரண்டையும் தெரிந்த பட்டறையில் கொடுங்கள். அவர்களுக்கு அது விற்கும் சரக்கு என்பதால் பலர் வாங்கிக்கொள்வார்கள். வாங்கிக்கொள்ள ஓர் இடத்தை உறுதி செய்துகொண்ட பிறகே போல்ட்டைக் கழற்றுங்கள்.

சரி, யார் எதைச் செய்யலாம்?

உத்தரவாதம் உள்ள புதுக் கார்: சர்வீஸ் சென்டர்.

உத்தரவாதம் முடிந்த கார்: எண்ணெய் உங்களுடையது, கூலி பட்டறைக்கு. லிஃப்டில் கார் ஏறும்போது பிரேக், டயர், கசிவு எல்லாவற்றையும் ஃபோர்மேன் ஒரு பார்வை பார்த்துவிடுவார் என்பது கூடுதல் லாபம்.

காப்சாய் மோட்டார்: கற்றுக்கொண்டு வீட்டிலேயே செய்யலாம், பழைய எண்ணெய்க்கு வழி இருந்தால்.

ஆனால் 1,700 ரிங்கிட் சம்பளத்தில் ஓடும் பல வீடுகளில் கேள்வியே வேறு. பட்டறையா வீடா என்பதைவிட, "இந்த மாசம் மாத்தணுமா, அடுத்த மாசம் பார்த்துக்கலாமா" என்பதுதான் அங்கே பேச்சு. பல கார்களுக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது 6 மாதம், எது முதலில் வருகிறதோ அது கணக்கு. நீலாயிலிருந்து கோலாலம்பூருக்குத் தினமும் போய் வந்தால் மாதம் 2,000 கிலோமீட்டர் தாண்டிவிடும். அதாவது ஐந்தே மாதத்தில் கெடு வந்துவிடும்.

தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு எஞ்சினுக்குள் கசடு கட்டினால், மேலே போட்ட மூன்று கணக்கும் தோற்றுப்போகும். வேலைக்குப் போகிற வண்டி நின்றால் சம்பளமும் சேர்ந்து நிற்கும். முழு சிந்தெட்டிக் வாங்கக் காசில்லை என்றால், கையேடு அனுமதிக்கும் மலிவான வகையை நேரத்துக்கு மாற்றுவது, விலை உயர்ந்ததைக் காலம் கடந்து ஓட்டுவதைவிட மேல். மாதம் 30 ரிங்கிட் தனியே எடுத்து வைத்தால், ஆறு மாதத்தில் 180 சேர்ந்துவிடும். நம் உதாரணத்தில், எண்ணெயை நாமே வாங்கிக் கூலி கொடுத்து மாற்ற அது போதும்.