ஒரே லீடை எத்தனை பேருக்கு விற்பார்கள்?

வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கவும், மொட்டை மாடி ஒழுகலை அடைக்கவும், பழைய குளியலறையை இடித்துக் கட்டவும் ஆள் தேடுவோர் இன்று முதலில் கைபேசியைத்தான் எடுக்கிறார்கள். தேடியதும் பெரும்பாலும் மேலே வந்து நிற்பவை அந்த வேலையைச் செய்பவர்களின் பெயர்கள் அல்ல, அவர்களுக்கு வாடிக்கையாளரைப் பிடித்துத் தருவதாகச் சொல்லும் இணைய நிறுவனங்களின் பக்கங்கள். அங்கே ஒருவர் தன் பெயரையும் எண்ணையும் பதிந்த நொடியிலேயே அது ‘லீட்’ என்னும் சரக்காகிவிடுகிறது. ஆண்டுச் சந்தாவாகவோ, லீடுக்கு இவ்வளவு என்று முன்பணமாகவோ கட்டி அந்தச் சரக்கை வாங்குபவர்கள் சிறு ஒப்பந்ததாரர்கள். வாங்கிய பொருள் பழுதாக இருந்தால் விற்றவர் பொறுப்பேற்க வேண்டும் என்பது எல்லா வியாபாரத்துக்கும் பொதுவான நியாயம். லீட் வியாபாரத்துக்கு மட்டும் அதிலிருந்து விலக்கு இருக்கக் கூடாது. இதில் அரசு தலையிட வேண்டும்.

இந்தத் தொழிலில் இருப்பவர்களின் புகார்கள் ஊருக்கு ஊர் மாறுவதில்லை. வந்த எண்ணை அழைத்தால் “சும்மா ரேட் தெரிஞ்சுக்கத்தான் போட்டேன்” என்கிறார் ஒருவர். “நான் எதுவுமே கேக்கலையே, நம்பர் எப்படிக் கிடைச்சுது?” என்று கோபப்படுகிறார் இன்னொருவர். “காலையிலிருந்து நீங்க ஆறாவது ஆள்” என்று சலித்துக்கொண்டு இணைப்பைத் துண்டிக்கிறார் மூன்றாமவர். தாம்பரத்தில் வேலை செய்பவருக்குத் திருவள்ளூரிலிருந்து லீட் வருகிறது. பெயிண்டிங் மட்டுமே செய்பவருக்கு மாடுலர் கிச்சன் கேட்டவரின் எண் வருகிறது. ஒவ்வொன்றுக்கும் கணக்கிலிருந்து பணம் பிடித்தாகிவிடுகிறது. செல்லாத லீட் என்று புகார் செய்தால், எண் இயங்குகிறது, ஆகவே லீட் சரியானதே என்று பதில் வருகிறது. மாதம் இத்தனை வேலை நிச்சயம் என்று வாயால் உறுதி சொன்ன விற்பனைப் பிரதிநிதி அதற்குள் வேறு பகுதிக்கு மாறியிருப்பார். அவர் சொன்னது எதுவும் ஒப்பந்தத்தில் இருக்காது.

இந்த வியாபாரத்தின் கோளாறு எங்கே இருக்கிறது என்பதை ஒரு சிறு கணக்குப் போட்டாலே பார்த்துவிடலாம். ஒரு லீடின் விலை 200 ரூபாய் என்றும், அது 5 பேருக்கு விற்கப்படுகிறது என்றும், மூன்று லீடில் ஒன்றுதான் உண்மையான வேலையாக முடிகிறது என்றும் வைத்துக்கொள்வோம். வேலை கிடைப்பது ஐவரில் ஒருவருக்குத்தான். ஆக, ஒரே ஒரு வேலை கைமாற 15 விற்பனை நடந்திருக்கிறது, 3,000 ரூபாய் வசூலாகியிருக்கிறது. அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்தால் 3,540 ரூபாய். ஆண்டு வரவு 20 லட்சத்துக்குக் கீழே இருப்பதால் ஜிஎஸ்டி பதிவு செய்யாதவர்கள் இந்த வரியைத் திரும்பப் பெறவும் வழியில்லை. பெட்ரோல் போட்டுச் சென்று, சதுர அடி அளந்து, எஸ்டிமேட் எழுதிக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பும் நாட்களின் கூலி இந்தக் கணக்கில் வரவே இல்லை. இவ்வளவையும் வேலை பிடித்தவர் எங்கிருந்து ஈடுகட்டுவார்? எஸ்டிமேட்டில் ஏற்றுவார், அல்லது இரண்டு கோட்டிங் அடிக்க வேண்டிய சுவரில் ஒன்றோடு நிறுத்துவார். நிறுவனத்துக்கோ, லீட் பொய்யானாலும் மெய்யானாலும் வருமானம் ஒன்றே. கூடுதலாக ஒருவருக்கு விற்றால் கூடுதல் லாபம். தரத்தைக் காப்பதற்கான காரணம் எதுவும் இந்த ஏற்பாட்டுக்குள் இல்லை.

இது சிலரின் புலம்பல் என்று தள்ளிவிட முடியாது. அமெரிக்காவில் 1998இல் சர்வீஸ்மேஜிக் என்ற பெயரில் தொடங்கி 2012இல் பெயர் மாறிய ஹோம்அட்வைசர், இந்தத் துறையின் மிகப் பெரிய நிறுவனங்களில் ஒன்று. அதன் மீது அந்நாட்டின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2022 மார்ச்சில் புகார் பதிந்தது. 2014இன் நடுப்பகுதியிலிருந்தே லீடுகளின் தரத்தையும் அவை வரும் இடத்தையும் பற்றி ஒப்பந்ததாரர்களிடம் தவறாகச் சொல்லி விற்றது என்பது முதல் குற்றச்சாட்டு. பல லீடுகள் அவர்கள் செய்யும் வேலைக்கும் அவர்களின் பகுதிக்கும் பொருந்தவில்லை என்றும், லீடுகள் வேலையாக மாறும் விகிதம் நிறுவனத்தின் சொந்தத் தரவு காட்டியதைவிட மிக அதிகமாகச் சொல்லப்பட்டது என்றும் ஆணையம் கூறியது. இலவசம் என்று சொல்லப்பட்ட ஒரு மாத மென்பொருள் சேவைக்கு 59.99 டாலர் பிடித்ததும் புகாரில் இருந்தது. 2023 ஏப்ரலில் இறுதியான உத்தரவின்படி 72 லட்சம் டாலர் வரை நிறுவனம் செலுத்த நேர்ந்தது. இது உடன்பாட்டின் பேரில் வந்த உத்தரவு, முழு வழக்கு நடத்தி எழுதிய தீர்ப்பு அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் ஆணையம் எடுத்துக்கொண்ட நிலை முக்கியமானது. ஒப்பந்ததாரரும் வியாபாரிதானே, தன் பாட்டைத் தானே பார்த்துக்கொள்ளட்டும் என்று அது கைகழுவவில்லை.

விளம்பரத்துக்கு யாரும் உத்தரவாதம் தருவதில்லையே, இதற்கு மட்டும் ஏன் கேட்க வேண்டும் என்பது நிறுவனங்களின் முதல் வாதம். விளம்பரம் விற்றுப் பிழைக்கும் துறை பத்திரிகையும்தான், எனவே இதற்கு நேராகவே பதில் சொல்லலாம். பத்திரிகை விற்பது இடத்தை. அந்த இடம் அச்சில் வந்ததா என்பதை வாங்கியவர் கண்ணால் பார்த்துக்கொள்ளலாம். லீட் விற்பவரோ, ‘இன்னார் உங்கள் வேலையைக் கேட்டு நிற்கிறார்’ என்ற ஒரு தகவலைத் தனித்தனியாக விலை போட்டு விற்கிறார். தகவல் பொய்யானால் விற்ற பொருளே இல்லை என்றாகிறது. ஒப்பந்ததாரர்கள் உடனே திருப்பி அழைப்பதில்லை, பேசத் தெரிவதில்லை என்பது இரண்டாவது வாதம். சாரத்தில் நின்று வேலை பார்ப்பவர் அடுத்த நிமிடமே அழைக்க முடியாது என்பது உண்மை. ஆனால் ஒரே எண்ணைப் பலருக்கு ஒரே நேரத்தில் கொடுத்து அந்த ஓட்டப்பந்தயத்தை உண்டாக்கியது யார்? நாலு இடத்தில் விலை கேட்பது வீட்டுக்காரருக்கு நல்லதுதானே என்ற மூன்றாவது வாதத்தில் நியாயம் இருக்கிறது. அப்படியானால் எத்தனை பேருக்குத் தன் எண் போகிறது, யாருக்குப் போகிறது என்பதை வீட்டுக்காரரே முடிவு செய்யட்டும். ஹோம்அட்வைசரைத் தன்னுள் கொண்ட ஆஞ்சி நிறுவனமே 2025 தொடக்கத்தில், ஒப்பந்ததாரரை வீட்டுக்காரர் தேர்ந்தெடுக்கும் முறைக்கு மாறியிருக்கிறது. முடியாத காரியம் என்று இனி யாரும் சொல்ல முடியாது.

லீடே வேண்டாம், வேலை முடிந்த பிறகு கமிஷன் வாங்கிக்கொள்ளட்டும் என்று சிலர் சொல்வார்கள். 2014இல் அர்பன்கிளாப் என்ற பெயரில் லீட் கொடுத்துத் தொடங்கிய இன்றைய அர்பன் கம்பெனி அந்தப் பாதைக்குத்தான் மாறியது. அங்கே கமிஷன் விகிதத்தையும் விதிகளையும் எதிர்த்து 2021 அக்டோபரில் குருகிராமில் அழகுக்கலைப் பெண்கள் போராட வேண்டி வந்தது. வசூலிக்கும் முறையை மாற்றுவதால் மட்டும் பேரம் பேசும் பலம் சிறியவர் கைக்கு வந்துவிடாது.

நம் சட்டத்தில் இடமில்லாமல் இல்லை. வணிக நோக்கில் பொருளோ சேவையோ பெறுபவரை நுகர்வோர் என்ற வரையறையிலிருந்து விலக்கும் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், சுயதொழிலில் பிழைப்பு நடத்துவதற்காக மட்டுமே பொருள் வாங்கிப் பயன்படுத்துபவரை அந்த விலக்குக்குள் கொண்டுவரவில்லை. ஒன்றிரண்டு உதவியாளர்களை வைத்துக்கொள்வதால் மட்டும் ஒருவர் நுகர்வோர் அல்லாதவர் ஆகிவிடமாட்டார் என்று லக்ஷ்மி இன்ஜினியரிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1995இலேயே விளக்கியிருக்கிறது. தனியாளாக வேலை பார்க்கும் பிளம்பரும், இரண்டு கையாட்களை வைத்திருக்கும் மேஸ்திரியும் இதே நியாயத்தைச் சேவைக்கும் காட்டி வழக்குப் போட்டுப் பார்க்கலாம். பத்துப் பேரை வைத்து வேலை எடுப்பவரின் நிலைதான் சிக்கல். அவரை வணிகர் என்று சொல்லி எதிர்த்தரப்பு முதல் வாய்தாவிலேயே மனுவைத் தள்ளச் சொல்லும். அவரும் ஏமாறுகிறவர்தான்.

ஆகவே மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் லீட் விற்பனைக்கெனத் தனி வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட வேண்டும். 2023இல் இணைய ஏமாற்று உத்திகள் 13ஐ வரையறுத்து, சந்தாவிலிருந்து வெளியேற விடாமல் மடக்குவதையும் அதில் சேர்த்த ஆணையத்துக்கு இது பெரிய வேலை அல்ல. ஒவ்வொரு லீடும் எங்கிருந்து வந்தது, எத்தனை பேருக்கு விற்கப்பட்டது என்பது பில்லிலேயே இருக்க வேண்டும். கேட்காதவரின் எண், தவறான பகுதி, தவறான வேலை என்றால் பணம் தானாகத் திரும்ப வேண்டும். லீட் சரியானதே என்று நிரூபிக்கும் பொறுப்பு விற்றவருடையது.

அதுவரை ஒப்பந்ததாரர்கள் செய்யக்கூடியவை சில உண்டு. விற்பனைப் பிரதிநிதி சொல்லும் உறுதிகளை வாட்ஸ்ஆப்பில் எழுதி வாங்குங்கள், பணம் பிடித்த குறுஞ்செய்திகளை அழிக்காதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. நிறுவனத்தின் தலைமையகம் எந்த நகரில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே அந்த மனுவைக் கொடுக்கலாம்.